புவிசார் குறியீடு கிடைத்தால் விவசாயியின் வருமானம் உயருமா?

எங்கள் ஊர் விளைபொருளுக்குப் புவிசார் குறியீடு (ஒரு பொருளின் பெயரும் தரமும் அது விளையும் ஊரைச் சேர்ந்தவை என்று அரசு தரும் பதிவு) வாங்கலாமா, அதனால் காசு கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்குங்கள். ஆனால் சான்றிதழ் வந்த மறுநாளே விலை ஏறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திருமங்கலம் பக்கம் மல்லிகை போட்டிருக்கும் குடும்பம் எங்களுடையது. கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் பூ இன்றும் விடியற்காலையில் பறிக்கப்பட்டு, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடைக்குத்தான் போகிறது. அங்கே பல ஊர்ப் பூவும் ஒரே குவியலில் சேர்ந்துவிடுகிறது. எந்தத் தோட்டத்துப் பூ என்று வாங்குபவருக்குத் தெரிய வழியே இல்லாதபோது, பெயருக்காக ஒரு ரூபாய் கூடுதலாக அவர் ஏன் தர வேண்டும்? விலையை முகூர்த்த நாளும் வரத்தும் தீர்மானிக்கின்றன. மார்கழி, தை பனியில் பூ குறைந்தால் கிலோ ஆயிரங்களைத் தொடும். கோடையில் கொட்டினால் பறிப்புக் கூலிகூடத் தேறாது. மாலைக்குள் மலர்ந்துவிடும் மொட்டை வைத்துக்கொண்டு யாரும் பேரம் பேச முடியாது.

இதைவிடப் பெரிய முடிச்சு முன்பணம். உரத்துக்கும் வீட்டுச் செலவுக்கும் கமிஷன் கடையில் பணம் வாங்கியவர், அது அடையும்வரை அந்தக் கடைக்கே பூவைப் போட்டாக வேண்டும். வேறு இடத்தில் நல்ல விலை இருந்தாலும் போக முடியாது. இந்தக் கட்டை எந்தச் சான்றிதழும் அவிழ்க்காது. இதைப் பேசாமல் குறியீட்டைக் கொண்டாடுபவர்கள் மீது எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு.

சட்டம் தருவதைக் குறைத்துச் சொல்லவும் மாட்டேன். 1999-ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தில் இரண்டு தரப்பு உண்டு. குறியீட்டைப் பதிவு செய்த அமைப்பு ஒன்று. அந்தப் பெயரைப் பயன்படுத்தப் 'பயனாளர்' என்று தனியாகப் பதிவு பெறும் உற்பத்தியாளர் இன்னொருவர். வெளியூர்ச் சரக்கை உங்கள் ஊர்ப் பெயரில் விற்பவர் மீது வழக்குப் போடும் உரிமை இந்த இருவருக்கும் உண்டு. ஆனால் எங்கள் பக்கத்தில் பூப் போடும் பலருக்கு இப்படித் தனிப் பதிவு ஒன்று இருப்பதே தெரியாது. பதிவு பத்து ஆண்டுக்குத்தான். பிறகு புதுப்பிக்க வேண்டும்.

பொருளைப் பொறுத்தும் பலன் மாறும். 2019-இல் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு மாதக்கணக்கில் கெடாது. எடை போட்டுப் பையிலிட்டு முத்திரை ஒட்டி, விலை பார்த்து விற்கலாம். 2023-இல் குறியீடு பெற்ற சோழவந்தான் வெற்றிலைக்கு அந்த வசதி இல்லை. வெற்றிலை போடும் பழக்கமே குறைந்துவரும் காலத்தில், கொடிக்காலுக்குத் தண்ணீரும் கூலியாளும் கிடைப்பதுதான் முதல் கவலை. டார்ஜிலிங் தேயிலைக்கு முத்திரையும் தணிக்கையும் உலகப் பெயரும் இருந்தும், அங்கே இலை பறிக்கும் தொழிலாளர்கள் கூலிக்காகப் போராடியதைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். பெயரின் மதிப்பு கைக்குக் கை நழுவி, கடைசியில் உழைப்பவர் கைக்கு வரும்போது கரைந்துபோகிறது.

ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே விவசாயிகளே பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றைத் தொடங்குங்கள். தரம் பிரிப்பது, பை, முத்திரை, நேரடியாக வாங்கும் இரண்டு மூன்று வியாபாரிகள், முன்பணத்துக்கு மாற்றாகக் கூட்டுறவுக் கடன்: இவை கையில் இருக்கட்டும். விண்ணப்பத்தை விவசாயிகள் சங்கத்தின் பெயரிலேயே போடுங்கள், வியாபாரிகள் பெயரில் வேண்டாம். பதிவு வந்ததும் ஒவ்வொரு விவசாயியையும் பயனாளராகப் பதிய வையுங்கள்.