புதுக் கப்பலைக் கட்டும்போதே எப்படித் தீப்பிடிக்கும்? வெறும் இரும்பில் எரிய என்ன இருக்கிறது?

தம்பிக்குக் கப்பல் கட்டும் யார்டில் வெல்டர் வேலை கிடைத்திருக்கிறது, 1971-இல் அமெரிக்காவில் கட்டி முடிக்காத சரக்குக் கப்பலில் நான்கு பேர் தீயில் இறந்ததைப் படித்ததிலிருந்து அம்மா அனுப்ப மாட்டேன் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் களக்காட்டுக்காரன். பேட்டை ஐ.டி.ஐ.யில் வெல்டர் முடித்துவிட்டுப் பதினொரு வருஷம் வெளிநாட்டு யார்டுகளில் கிடந்தவன். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

நீங்கள் படித்தது ரோஜர் பிளஃப் என்ற கப்பல். 858 அடி நீளம், இரும்புத் தாது ஏற்றுவதற்காக ஒஹாயோ மாநிலத்தில் ஈரி ஏரிக்கரை ஊரான லொரைனில் கட்டினார்கள். உள்வேலை நடந்துகொண்டிருந்த 1971 ஜூன் 24 அன்று எஞ்சின் அறையில் தீ. நான்கு தொழிலாளர்கள் போனார்கள். கப்பல் வேலைக்குக் கிளம்ப அடுத்த வருஷம் ஆகிவிட்டது.

இரும்பு எரியாதுதான். ஆனால் கட்டும் காலத்தில் கப்பலுக்குள் இரும்பு மட்டுமா இருக்கிறது? சாரத்துப் பலகை, பெயின்ட், தின்னர், தரையெல்லாம் கேபிள், கேஸ் ஹோஸ் (ரப்பர் குழாய்), எண்ணெய் துடைத்த துணி. 1960 டிசம்பர் 19 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் கான்ஸ்டலேஷன் என்ற போர்க்கப்பலைக் கட்டிக்கொண்டிருந்தபோது, ஃபோர்க்லிஃப்ட் ஒன்று இடித்ததில் டீசல் டேங்க் திறந்து கொட்டியது. கீழே கட்டிங் டார்ச் (இரும்பை வெட்டும் கேஸ் தீ) வேலை நடந்துகொண்டிருந்தது. மரச் சாரம் முழுக்கப் பற்றி 50 பேர் இறந்தார்கள். சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஸ்பைரோஸ் என்ற எண்ணெய்க் கப்பல் வெடித்தது 1978 அக்டோபர் 12-இல். அது கட்டும் வேலை இல்லை, பழுது பார்ப்பு. மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்து ஆட்கள் வேலைக்குத் திரும்பியிருந்த நேரம், கட்டிங் டார்ச் தீ டேங்கில் இருந்த ஆவியில் பட்டது. 76 உயிர்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று ஆக்சிஜன். கேஸ் கட்டிங்குக்கு ஆக்சிஜன் ஹோஸ் வேண்டும். அதை டேங்குக்குள் விட்டுவிட்டு மேலே வந்தால் மெல்லக் கசிந்து உள்ளேயே தங்கும். வாசனை கிடையாது, மூச்சும் நன்றாகத்தான் வரும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 21 சதவீதம். 23.5-ஐத் தாண்டினாலே ஆபத்து என்று வைத்திருக்கிறார்கள். அதற்கு மேலே போகப் போக, போட்டிருக்கும் சட்டையே திரி மாதிரிப் பிடித்துக்கொள்ளும்.

எங்கள் யார்டில் நடந்ததும் அதுதான். 1996. ஸ்லிப்வேயில் (கப்பலைக் கட்டித் தண்ணீரில் இறக்கும் சாய்வு மேடை) நின்ற சரக்குக் கப்பல், அடித்தளத்து டேங்க். எனக்கு ஃபோர்மேன் சேரன்மகாதேவி அண்ணாச்சி. மதியம் மணி அடித்தால் எல்லாரும் சோற்றுக்கு ஓடுவோம், அவர் மட்டும் டேங்கில் இறங்கும் மேன்ஹோல் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஏல, வால்வ அடச்சா மட்டும் போதாது. ஹோஸ வெளிய இழுத்துப் போட்டுட்டுப் போ" என்று கத்துவார். அன்றைக்கு அவர் வேறு பிளாக்கில் இருந்தார். யாரும் இழுத்துப் போடவில்லை.

சாப்பிட்டுத் திரும்பினோம். முதலில் இறங்கியது ஒடிசாப் பையன், வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம். லைட்டரைத் தட்டிய சத்தம் பக்கத்து டேங்கில் இருந்த எனக்குக் கேட்டது. அப்புறம் 'புஸ்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். லைட் அணைந்துவிட்டது. கரும்புகை பெயின்ட் நாற்றத்தோடு ஓட்டை வழியாக என் பக்கம் வந்தது. என் கையையே என்னால் பார்க்க முடியவில்லை. ஏணிக்கு ஒன்பது தட்டு (டேங்குக்குள் குறுக்கே நிற்கும் இரும்புத் தகடு) தாண்ட வேண்டும் என்பது மட்டும் தெரியும். தடவித் தடவி, எண்ணிக்கொண்டே வந்து ஏறிவிட்டேன். நான் மேலே வந்த அதே நேரத்தில்தான் அண்ணாச்சி ஓடி வந்து, தலையில் ஈரச் சாக்கைப் போட்டுக்கொண்டு பையனைத் தூக்க இறங்கினார். இரண்டு பேரும் வரவில்லை.

அண்ணாச்சியின் உடம்பில் தீக்காயம் அதிகம் இல்லை. புகைதான் கொன்றது. அவர் செய்தது தவறு, மூச்சுக் கருவி இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது என்று பிறகு வகுப்பில் சொன்னார்கள். சரிதான். ஆனாலும் அவரை நான் அந்தப் பாடத்துக்கு உதாரணமாக ஒருநாளும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன்.

அவருடைய பெட்டியைக் கட்டி ஊருக்குக் கொண்டுவந்தது நான்தான். ஓலைக் கொட்டானில் பாதிக் கருப்பட்டி மீதி இருந்தது. அவர் வீட்டம்மாவிடம் அதை எப்படிக் கொடுத்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு அவர் மகன் பாபநாசத்தில் தர்ப்பணம் கொடுக்கப் போகும்போது நானும் கூடப் போகிறேன். ஒடிசாப் பையனுக்கும் சேர்த்து ஆற்றில் ஒரு கை எள்ளும் தண்ணீரும் விடுகிறோம்.

அம்மாவிடம் தம்பியைப் போக விடச் சொல்லுங்கள். நல்ல தொழில். பெர்மிட் (அனுமதிச் சீட்டு) போடாமலும், கேஸ் அளவு பார்க்காமலும் டேங்கில் இறங்கக் கூடாது. வேலை முடிந்த பிறகும் குறைந்தது அரை மணி நேரம் ஃபயர் வாட்ச், அதாவது தீ பிடிக்கிறதா என்று பார்க்கும் காவல், நிற்க வேண்டும், சுவருக்கு அந்தப் பக்கமும் பார்க்க வேண்டும், ஏனென்றால் சூடு இரும்பைத் தாண்டி அங்கே இருக்கும் பெயின்டைப் பிடிக்கும். இதெல்லாம் அவனுக்கு அங்கே சொல்லித் தருவார்கள்.

சொல்லித் தராதது ஒன்று உண்டு. புது இடத்தில் முதல் நாள், டார்ச்சைத் தொடுவதற்கு முன்னால், கண்ணை மூடிக்கொண்டு ஏணி வரைக்கும் கையால் தடவிப் போகச் சொல்லுங்கள். எத்தனை தட்டு என்று எண்ணச் சொல்லுங்கள். அண்ணாச்சி என்னை அப்படி மூன்று தடவை நடக்க வைத்தார்.