100 போட்டால் 99.4 வருகிறதா? எண்ணில் கை வைக்காதீர்கள்

தலவாக்கலைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். லயத்து இஸ்தோப்பை (வீட்டு முன் திண்ணையை) தகரம் அடித்து மறைத்து, அதற்குள் ஒரு 3018 சிஎன்சி ரவுட்டர், அதாவது கணினியில் வரைந்ததை மரத்தில் தானாக வெட்டும் சின்ன மெஷின், வைத்திருக்கிறார். வீட்டுப் பெயர்ப்பலகை, திருவிழாவுக்கு நினைவுப் பரிசு என்று நல்ல ஓட்டம். மகோகனிப் பலகையில் குழி வெட்டி, பலா மரத்தில் வெட்டிய எழுத்தை அதற்குள் பதிப்பதுதான் அவருடைய கைவரிசை. இப்போது எழுத்து குழிக்குள் இறங்க மாட்டேன் என்கிறதாம்.

அவர் அளந்து அனுப்பியது இது. 100 மி.மீ. சதுரம் வெட்டினால் எக்ஸ் பக்கம் (இடம் வலம்) 99.4, வை பக்கம் (முன் பின்) 99.9. 40 மி.மீ. குழி எக்ஸ் பக்கம் 39.4. வட்டம் முட்டையாக வருகிறது. யாரோ சொன்னதைக் கேட்டு எக்ஸின் ஸ்டெப் எண்ணை (ஒரு மி.மீ. நகர மோட்டார் எத்தனை படி வைக்க வேண்டும் என்ற எண்ணை) 800இலிருந்து 804.8 ஆக்கியிருக்கிறார். 100 சரியாகிவிட்டது, சின்ன எழுத்து இன்னும் சரியில்லை. சில நாள் பாதி வேலையில் எழுத்து ஒரு பக்கம் தள்ளிப் போகிறது. மழைக் காலத்தில் தொல்லை கூடுகிறது. "மெஷின் போய்விட்டதா, பெரியதாக ஒன்று வாங்க வேண்டுமா?" என்று கேட்கிறார்.

வாங்க வேண்டாம். மெஷின் போகவில்லை. உங்கள் கடிதத்தில் உள்ள அளவுகளே நோயைச் சொல்லிவிட்டன.

முதல் வேலை, அந்த எண்ணைத் திரும்ப 800 ஆக்குங்கள். அது யாரோ குத்துமதிப்பாக வைத்த எண் அல்ல. ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி வைக்கும். மோட்டாரை ஓட்டுகிற டிரைவர் சிப் ஒவ்வொரு படியையும் பதினாறாகப் பிரிக்கும், ஆக 3,200. உங்கள் மெஷினின் திருகுத் தண்டு ஒரு சுற்றுக்கு 4 மி.மீ. நகர்த்தும். 3,200ஐ 4ஆல் வகுத்தால் 800. தண்டின் புரி தேய்ந்தாலும் சுற்றுக்கு 4 மி.மீ. என்பது மாறாது. பெல்ட் மெஷின் என்றால் பெல்ட் இழுபடும், எண்ணைக் கொஞ்சம் திருத்தலாம். திருகுத் தண்டு மெஷினில் எண் தப்பாகத் தெரிந்தால் பெரும்பாலும் வேறு எங்கோதான் கோளாறு.

நீங்கள் மாற்றியதால் என்ன ஆனது என்று பாருங்கள். உங்கள் எக்ஸில் எப்போதும் 0.6 மி.மீ. தொலைகிறது. 804.8 வைத்தால் 100 கேட்கும்போது மெஷின் 100.6 போகப் பார்க்கும், அதில் 0.6 தொலையும், சரியாக 100 வரும். ஆகா, சரியாகிவிட்டது என்று நினைப்போம். அதே எண்ணில் 20 மி.மீ. எழுத்து வெட்டினால் 20.12இல் 0.6 போய் 19.52. இருநூறு வெட்டினால் 200.6. ஒரு அளவுக்குத் தைத்த சட்டை, மற்ற யாருக்கும் பொருந்தாது.

அதனால் 800க்குத் திரும்பியதும், வேறு எதையும் திருத்துவதற்கு முன்னால் இரண்டு துண்டு வெட்டுங்கள்: ஒன்று எக்ஸில் 20, இன்னொன்று 200. இரண்டிலும் ஒரே அளவு குறைந்தால் அது தளர்ச்சி, அல்லது பிட்டின் (மரத்தை வெட்டுகிற அலகின்) அளவு. பெரியதில் பத்து மடங்கு குறைந்தால்தான் ஸ்டெப் எண். ஒரு தடவை ஒரு மாதிரி, மறு தடவை வேறு மாதிரி என்றால் படி தவறுகிறது.

தளர்ச்சியா, பிட்டா என்று பிரிக்கவும் ஒரு வழி உண்டு. உங்கள் கடிதத்தில் அந்த விடையும் இருக்கிறது. பிட் ஆடி, சொன்னதைவிட அகலமாக வெட்டினால் வெளித்துண்டு சிறுக்கும், குழி பெருக்கும். உங்களுக்குச் சதுரமும் சிறுத்திருக்கிறது, குழியும் அதே 0.6 சிறுத்திருக்கிறது. திசை மாறும்போதெல்லாம் எக்ஸ் மோட்டார் 0.6 மி.மீ. தூரத்துக்கு எதையும் நகர்த்தாமல் வெறுமனே சுற்றுகிறது என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் வராது. வட்டம் முட்டையாவதும் இதனால்தான். உற்றுப் பாருங்கள், வட்டத்தின் இடது கோடியிலும் வலது கோடியிலும் சின்னதாக ஒரு சப்பை இருக்கும். எக்ஸ் திரும்புகிற இடம் அதுதான்.

இனி அந்த 0.6 எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டும். இதற்கு மீட்டர் எதுவும் வேண்டாம், விரல் போதும். மெஷினுக்குக் கரண்ட் கொடுத்து, அதை நடத்துகிற மென்பொருளான ஜிஆர்பிஎல்லில் $1=255 என்று போடுங்கள். அப்போது மோட்டார்கள் சும்மா நிற்கும்போதும் பிடித்துக்கொண்டே இருக்கும். பிட்டைச் சுழற்றுகிற ஸ்பிண்டில் மோட்டார் ஓடக் கூடாது, பிட்டையும் கழற்றிவிடுங்கள். இப்போது ஸ்பிண்டில் வண்டியை இடம் வலமாக மெதுவாக ஆட்டுங்கள். "டிக் டிக்" என்று ஒரு சின்ன ஆட்டம் தெரியும். ஒரு கையால் ஆட்டியபடி மற்றக் கையின் விரலை ஒவ்வொரு இடமாக வையுங்கள்.

முதலில், திருகுத் தண்டின் மேல் ஓடி வண்டியை நகர்த்துகிற பித்தளை நட். வண்டி நகர்ந்து, நட்டும் கூடவே நகர்ந்து, தண்டு மட்டும் அசையாமல் இருந்தால் நட்டின் புரி தேய்ந்திருக்கிறது. ஸ்ப்ரிங் வைத்த இரட்டை நட் கிடைக்கும், மாற்றிவிடுங்கள். நட் அப்படியே இருக்க வண்டி மட்டும் ஆடினால், நட்டைப் பிடிக்கிற சின்ன ஸ்க்ரூக்கள் தளர்ந்திருக்கின்றன. அடுத்து தண்டின் முனை. தண்டே முன்னும் பின்னும் நகர்ந்தால் குற்றவாளி, மோட்டாரையும் தண்டையும் இணைக்கிற கப்ளிங். சுருளாக வெட்டிய அந்த அலுமினியக் கப்ளிங் ஸ்ப்ரிங் மாதிரி நீளும், சுருங்கும். பெயரிங்கை ஒட்டித் தண்டில் ஒரு லொக் கொலர் (இறுக்கு வளையம்) போட்டு இறுக்கினால் அடங்கிவிடும்.

கடைசியாக, கப்ளிங்கைத் தண்டோடு இறுக்கிப் பிடிக்கிற சின்ன கிரப் ஸ்க்ரூ. இதில் எனக்கே ஒரு அசட்டுக் கதை உண்டு. ஹட்டனில் என் பட்டறையில் இரண்டு இரவு உட்கார்ந்து எண்ணை மாற்றி மாற்றிப் பார்த்தேன். மூன்றாம் நாள் காலையில் ஒரு மார்க்கர் பேனையால் மோட்டார் தண்டிலிருந்து கப்ளிங் வரை நேராக ஒரு கோடு போட்டேன். ஒரு வேலை ஓடி முடிந்ததும் பார்த்தால் கோடு இரண்டாக உடைந்து நின்றது. அரைச் சுற்று ஸ்க்ரூ இறுக்கியதோடு சரி. அன்றிலிருந்து எந்த மெஷின் வந்தாலும் முதலில் எல்லா மோட்டாருக்கும் மார்க்கர் கோடு போட்டுவிடுவேன். மோட்டார் தண்டில் தட்டையான பக்கம் இருந்தால் ஸ்க்ரூ அதன் மேல்தான் உட்கார வேண்டும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். மாக்3 மாதிரி சில மென்பொருள்களில் இந்தத் தளர்ச்சியை எண்ணாகக் கொடுத்து ஈடுசெய்யலாம். வழக்கமான ஜிஆர்பிஎல்லில் அந்த வசதி இல்லை. நட் வந்து சேரும்வரை வேலை ஓட வேண்டுமென்றால் வெட்டும் பாதையைப் போடுகிற கேம் மென்பொருளில் வெட்டும் திசையைக் கிளைம்பிலிருந்து (பிட் சுழலும் போக்கோடு வெட்டுவது) கன்வென்ஷனலுக்கு (அதற்கு எதிராக வெட்டுவது) மாற்றுங்கள். கிளைம்பில் பிட் மரத்தைக் கவ்வித் தன்னை இழுத்துக்கொள்ளும், தளர்ந்த மெஷின் அதோடு கூடவே போகும்.

சரி, பாதியில் எழுத்து தள்ளிப் போவது வேறு வியாதி. இந்த மெஷின் செக்ரோல் (தோட்டத்துப் பேர்ப்பதிவு) எழுதுகிற கணக்கப்பிள்ளை மாதிரி, ஆனால் கொழுந்தை நிறுக்காமலே பேர் போடுகிறவர். "நட" என்று மோட்டாருக்குச் சொல்லும், நடந்ததாக எழுதிக்கொள்ளும், நடந்ததா என்று பார்க்காது. பலா மரத்தில் ஒரேயடியாக 2 மி.மீ. ஆழம் இறக்கினால் மோட்டார் மூச்சு முட்டிச் சில படிகளை விட்டுவிடும். அதற்குப் பிறகு வெட்டுவதெல்லாம் அவ்வளவு தூரம் தள்ளித்தான் வெட்டும். ஒரு வெட்டுக்கு அரை மி.மீ. ஆழம், நிமிடத்துக்கு 300 மி.மீ. வேகம் என்று தொடங்குங்கள். நேரம் ஆகும்தான், ஆனால் பலகை தப்பும். ஓரத்தில் 0.2 மி.மீ. விட்டு, கடைசியில் ஒரே ஒரு மெல்லிய வெட்டாக எடுத்தால் பிட் வளையாமல் அளவு வரும்.

இவ்வளவு செய்தும் தள்ளினால் தண்டுகளைத் தொட்டுப் பாருங்கள். கிரீஸ் போட்டிருப்பீர்கள், அதில் மரத்தூள் கலந்து களி மாதிரி ஆகியிருக்கும். துடைத்தெடுத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு ஒரு தடவு தடவினால் போதும். டிரைவர் சிப் அதிகமாகச் சூடானாலும் இடையிடையே நின்றுவிடும், சின்னதாக ஒரு ஃபேன் வைத்துப் பாருங்கள்.

மழைக்கு வருகிறேன். மலைநாட்டில் இருக்கிற நமக்கு மட்டும் உள்ள தலைவலி இது, கொழும்பில் எழுதுகிறவர்கள் சொல்ல மாட்டார்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன், வட்டவளை, தலவாக்கலைப் பக்கம் விடாமல் ஊற்றும். அதே ஜூலையில் பண்டாரவளையில் வெயிலும் காற்றும். மரத்துக்கு இது தெரியும். காற்றின் ஈரப்பதம் 65 வீதமாக இருக்கிற அறையில் மரத்துக்குள் சுமார் 12 வீதம் ஈரம் நிற்கும். 80 வீதம் என்றால் 16 வரை ஏறும். அந்த நாலு வீதத்துக்கே, நார் ஓடும் திசைக்குக் குறுக்கே 100 மி.மீ. அகலமுள்ள பலகை அரை மி.மீ.யிலிருந்து ஒரு மி.மீ. வரை ஊதும். நார் ஓடும் திசையில் அசைவே தெரியாது. மெஷின் மேல் பழி போட்டு நீங்கள் நட்டை மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

கண்டுபிடிப்பது லேசு. வெட்டிய உடனே அளந்து பென்சிலால் துண்டின் பின்னால் எழுதுங்கள். இரண்டு நாள் வீட்டுக்குள் வைத்துத் திரும்ப அளங்கள். குறுக்குவாட்டில் மட்டும் மாறியிருந்தால் மெஷின் நிரபராதி. நான் ஒரு ஜூலை மழையில் பதித்த பலகை ஒன்று கொழும்பில் ஏசி போட்ட கடைக்குப் போனது. இரண்டு மாதத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. கடைக்காரர் அவற்றை ஒரு பையில் போட்டு எனக்கே அனுப்பிவைத்தார். இப்போது மரம் வாங்கினால் இடையில் குச்சி வைத்து அடுக்கி, வீட்டுக்குள் சில வாரம் போட்டுவிட்டுத்தான் மெஷினில் ஏற்றுவேன். குழிக்கும் எழுத்துக்கும் ஒரே நாளில், ஒரே இடத்தில் கிடந்த மரத்தைத்தான் எடுப்பேன். வெட்டுகிற மரத்துக்கு அடியில் போட்டிருக்கிற எம்டிஎஃப் பலகையும் ஈரத்தில் ஊதும். ஆழம் ஒரு மூலையில் கூடி ஒரு மூலையில் குறைந்தால் மேற்பரப்பை ஒரு தடவை மெஷினாலேயே சீவிவிடுங்கள்.

எல்லாம் சரியானாலும் உங்கள் எழுத்து இறங்காது, தம்பி, அதையும் சொல்லிவிட வேண்டும். 3.175 மி.மீ. பிட்டால் குழியின் உள்மூலையைக் கூராக வெட்ட முடியாது, சுமார் 1.6 மி.மீ. வளைவாகத்தான் நிற்கும். எழுத்தின் வெளிமூலையோ கூராக வரும். ட, ப, ம மூன்றும் இதில்தான் முட்டிக்கொள்ளும். வரையும்போதே எல்லா மூலையையும் 1.6 மி.மீ. உருட்டிவிடுங்கள். எழுத்தைச் சுற்றி ஒரு பக்கத்துக்கு 0.05 மி.மீ. இடைவெளியும் விடுங்கள், பசைக்கும் இடம் வேண்டுமே. அப்புறம், பிட் 3.175 என்று டப்பாவில் இருப்பதை நம்பாமல் நேராக ஒரு கோடு வெட்டி அதன் அகலத்தை அளந்து, அந்த அளவைக் கேமில் போடுங்கள்.

அளக்கிற கலிப்பர் மேலும் ஒரு கண் இருக்கட்டும். அளவு நிச்சயமாகத் தெரிந்த ஒரு 608 பெயரிங்கை அளந்து பாருங்கள்: வெளி விட்டம் 22, துளை 8, தடிப்பு 7. இந்த மூன்றும் வராவிட்டால் முதலில் கலிப்பரின் பேட்டரியை மாற்றுங்கள்.

விரல் வைத்துப் பார்த்ததில் நட்டா, கப்ளிங்கா என்று எழுதுங்கள். 800க்குத் திரும்பிய பிறகு 20, 200 இரண்டும் எவ்வளவு வருகிறது என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். படம் வேண்டாம், எண் போதும்.