தூங்கும் அழகியை மகளுக்கு எப்படிச் சொல்வது?

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. ‘தூங்கும் அழகி’ படக்கதையை வாங்கி, ஒரு வாரமாக இரவில் வாசித்துக் காட்டுகிறேன். “தூங்குகிற பெண்ணுக்குக் கேட்காமல் முத்தம் கொடுப்பதைப் போய்ப் பிள்ளைக்குச் சொல்லித் தருகிறாயே, புத்தகத்தைத் தூக்கிப் போடு” என்கிறார் நாத்தனார். “நாங்களும் கேட்டு வளர்ந்த கதைதானே, என்ன கெட்டுப்போய்விட்டோம்?” என்கிறார் கணவர். மகள் இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “ராஜா ஏம்மா அவகிட்ட ராட்டையைப் பத்திச் சொல்லவே இல்ல?” என்று மட்டும் தினமும் கேட்கிறாள். சாபமிட்ட சூனியக்காரியையே நாயகியாக்கிய படத்தையும் பார்க்க வேண்டுமாம். கதையை நிறுத்திவிடட்டுமா, முடிவை மாற்றிச் சொல்லட்டுமா? உண்மையான கதைதான் எது?
— ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, கதையை நிறுத்த வேண்டாம். முடிவை மாற்றலாம், அதற்கு முந்நூறு ஆண்டுப் பழைய ஆதாரமே இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டில் இந்தக் கதையைச் சரியாகக் கேட்டிருப்பவள் உங்கள் மகள்தான். அவள் கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில், எது உண்மையான கதை என்பதைப் பார்த்துவிடுவோம். பரவலாகத் தெரிந்த கதை இதுதான்: பிறந்தபோதே சாபத்துக்கு ஆளான இளவரசி, ராட்டையில் நூல் முறுக்கும் கதிர் விரலில் குத்தி நூறு ஆண்டு தூங்கிப்போகிறாள், அந்தக் கெடு முடியும்போது ஓர் இளவரசன் அங்கே வந்து சேர்கிறான்.

அச்சில் வந்த பழைய வடிவங்களில் முக்கியமானவை மூன்று. முதலாவது, ஜாம்பத்திஸ்தா பசிலே நேப்பிள்ஸ் வட்டார மொழியில் எழுதியது. அவர் இறந்த பிறகு, 1634 முதல் 1636 வரை வெளிவந்த தொகுப்பில் இருக்கிறது. அதில் பெண்ணின் பெயர் தாலியா. ஆளிச் செடி நாரின் சிராய் ஒன்று நகக்கண்ணில் ஏறி உணர்விழந்து கிடக்கிறாள். அந்த வழியாக வரும் அரசன் ஏற்கெனவே மணமானவன். அவன் அவளை அந்த நிலையிலேயே வன்புணர்ந்துவிட்டுப் போய்விடுகிறான். அவள் உறக்கத்திலேயே இரட்டைப் பிள்ளைகளைப் பெறுகிறாள். பால் தேடும் குழந்தை ஒன்று அவள் விரலைச் சப்ப, சிராய் வெளியே வந்து கண் விழிக்கிறாள். முத்தம் எழுப்பவில்லை, குழந்தை எழுப்புகிறது. பெரியவர்களுக்காகச் சொல்லப்பட்ட இந்த வடிவம் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது, பிரெஞ்சுக்காரர் சார்ல் பெரோ 1697இல் வெளியிட்டது. உங்களுக்குப் பயன்படப்போவது இதுதான். இதில் இளவரசன் அவளைத் தொடுவதே இல்லை. நடுங்கியபடி அருகில் போய் மண்டியிடுகிறான். அந்த நேரத்தில் நூறு ஆண்டு கெடு முடிந்துவிடுவதால் அவள் தானாகவே விழிக்கிறாள். முதலில் பேசுபவளும் அவள்தான்: நீங்கள்தானா, வெகுநேரம் காக்க வைத்துவிட்டீர்களே என்கிறாள். பிறகு இருவரும் நான்கு மணி நேரம் பேசுகிறார்கள், பேச நினைத்ததில் பாதிகூட முடியவில்லை. அவள் உடுத்தியிருப்பது தன் பாட்டி காலத்து உடை என்று அவனுக்குத் தெரிகிறது, ஆனாலும் அதைச் சொல்லிக் காட்டாமல் இருந்துவிடுகிறான். மனிதர்களைக் கூர்ந்து கவனித்து எழுதும் கைக்கு மட்டுமே வாய்க்கும் நுட்பம் அது.

மூன்றாவது, ஜெர்மானியர்களான கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்டது. படக்கதைப் புத்தகங்களில் பெரும்பாலானவை இதை ஒட்டியே வருகின்றன. முத்தம் இங்கேதான் இருக்கிறது. ஆனால் இங்கேயும் ஒன்றைக் கவனியுங்கள். அவன் வரும் நாள், நூறு ஆண்டு நிறையும் நாள். அதனால்தான் அதுவரை எத்தனையோ இளவரசர்களைச் சிக்கவைத்துக் கொன்ற முள்வேலி, அவனுக்கு மட்டும் பூவாக மலர்ந்து வழிவிடுகிறது. முத்தம் சாபத்தை முறித்ததா, கெடு முடிந்த நேரத்தில் முத்தமும் சேர்ந்துகொண்டதா என்று கேட்டால், கதையின் கணக்கு இரண்டாவதற்கே பொருந்துகிறது.

‘காதல் முத்தம்தான் சாபத்துக்கு மருந்து’ என்ற நிபந்தனையை உலகம் முழுக்கப் பரப்பியது திரைப்படம். 1937இல் டிஸ்னி எடுத்த ஸ்னோ ஒயிட் படத்தில் முத்தம் உயிர் தருகிறது. கிரிம் வடிவத்தில் அங்கே முத்தமே கிடையாது. அவள் கிடக்கும் கண்ணாடிப் பேழையைச் சுமந்து செல்லும் பணியாளர்கள் தடுக்கி விழப்போக, அந்தக் குலுக்கலில் தொண்டையில் சிக்கிய நச்சு ஆப்பிள் துண்டு வெளியே வந்து விழுகிறது. தவளை இளவரசன் கதையிலும் கிரிம் இளவரசி தவளையைத் தூக்கிச் சுவரில் அடிக்கிறாள், முத்தமிடுவதில்லை. ஆக, இன்று முத்தத்துக்காகப் பெயர் அடிபடும் மூன்று கதைகளில் கிரிம் வடிவத்திலேயே முத்தம் இருப்பது ஒன்றில் மட்டும்.

இந்த விவாதம் உங்கள் வீட்டோடு நிற்பதும் அல்ல. 2017இல் இங்கிலாந்தில் ஒரு தாய், சின்ன வகுப்புகளில் இந்தக் கதையை வைக்க வேண்டாம் என்று மகனின் பள்ளியிடம் கேட்டது உலகச் செய்தியானது. பெரிய பிள்ளைகளோடு சம்மதம் பற்றிப் பேச இதே கதை உதவும் என்றும் அவர் சொன்னார். அந்தப் பாதி யார் காதிலும் ஏறவில்லை. 2018இல் அமெரிக்க நடிகை கிறிஸ்டன் பெல், ஸ்னோ ஒயிட்டை வாசித்துவிட்டு மகள்களிடம் கேள்வி கேட்பதாகச் சொன்னார். முன்பின் தெரியாத கிழவியிடம் ஆப்பிளை ஏன் வாங்கினாள் என்பது ஒன்று, கேட்காமல் முத்தமிடுவது விநோதமாக இல்லையா என்பது இன்னொன்று. 2021இல் கலிஃபோர்னியா டிஸ்னிலாந்தில் ஸ்னோ ஒயிட் சவாரியைப் புதுப்பித்துத் திறந்தபோது, அதில் சேர்த்த முத்தக் காட்சியை விமர்சித்து ஒரு கட்டுரை வர, மறுபடியும் பெரும் சண்டை. ஒவ்வொரு முறையும் ஒரு தரப்பு ‘தடை செய்’ என்று சொன்னதாகவும், மறு தரப்பு ‘கதையைத் தொடாதே’ என்று சொன்னதாகவும் செய்தி சுருங்கிப்போகிறது. கதையைப் பிள்ளையோடு உட்கார்ந்து எப்படி வாசிப்பது என்ற பேச்சு நடுவில் காணாமல் போகிறது.

உங்கள் நாத்தனாரின் கவலை நியாயமானது. உறங்குபவரால் ‘சரி’ என்று சொல்ல முடியாது. பிள்ளைக்கு அது தெரிந்திருக்க வேண்டும், அதைச் சொல்ல ஆறு வயது சின்ன வயதும் அல்ல. உங்கள் கணவர் சொல்வதிலும் பாதி சரி: ஒரு கதையைக் கேட்டதால் மட்டும் யாரும் கெட்டுவிடுவதில்லை. ஆனால் அவர் கேட்டு வளர்ந்ததும் யாரோ ஒருவர் மாற்றிச் சொன்ன வடிவம்தான். மாற்றுவது கதைக்குச் செய்யும் துரோகம் என்று அவர் நினைத்தால், பெரோவும் கிரிம்களும் அந்தத் துரோகத்தைச் செய்திருக்கிறார்கள்.

இனி உங்கள் மகளின் கேள்வி. கதையின் நடுநரம்பே அது. சாபத்தைக் கேட்ட ராஜா என்ன செய்கிறார்? கிரிம் கதையில் நாட்டிலுள்ள நூற்கும் கதிர்களையெல்லாம் எரிக்கச் சொல்கிறார். பெரோ கதையில், கதிர் வைத்திருந்தாலே மரண தண்டனை. ஆனால் எந்த வடிவத்திலும் அந்தப் பெண்ணை உட்கார வைத்து, ‘இப்படி ஒரு பொருள் இருக்கிறது, உனக்கு அதனால் ஆபத்து’ என்று ஒருவரும் சொன்னதாக இல்லை. அதனால் பதினைந்து வயதில் கோபுரத்து அறையில் முதன்முறையாகக் கதிரைப் பார்க்கும் கிரிம் இளவரசி, துள்ளித் துள்ளிச் சுற்றுகிறதே, இது என்ன என்று ஆசையாகக் கேட்டுக்கொண்டே கையில் எடுக்கிறாள். பெரோவின் கதையில் நூற்றுக்கொண்டிருக்கும் பாட்டி கெட்டவள்கூட இல்லை, தடை பற்றிக் கேள்விப்படாதவள். 1959 டிஸ்னி படத்தில் இளவரசியைக் காட்டில் ஒளித்து வளர்க்கிறார்கள். தான் யார் என்பதே பதினாறாவது பிறந்தநாள் வரை அவளுக்குத் தெரியாது. பெரியவர்கள் அஞ்சி மறைத்தது, மறைத்ததாலேயே நடக்கிறது. புத்தகத்தைத் தூக்கிப் போடுவதா என்று யோசிக்கும் வீட்டில் ஒரு பிள்ளை இந்தக் கேள்வியைக் கேட்பது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது.

அவளுக்கு நீங்கள் சொல்லும் பதில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் போக வேண்டாம். “ராஜா ரொம்ப பயந்துட்டார். சொன்னா அவ பயந்துடுவான்னு நினைச்சு மறைச்சுட்டார்.” அதன்பின், “நீ ராஜாவா இருந்தா என்ன செஞ்சிருப்ப?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பெரியவர்களுக்கு அந்த மௌனம் பொறுக்காது, தாங்களே பதிலைச் சொல்லிவிடுவார்கள். பத்து வரை மனதுக்குள் எண்ணுங்கள். பதில் வராவிட்டால் கதையைத் தொடருங்கள், பிறகு ஒருநாள் வரும். கதிரைப் பார்க்காத பிள்ளை என்றால் ஒரு படம் காட்டுங்கள்: நீளமான மெல்லிய குச்சி, அது சுழலும்போது பஞ்சோ நாரோ முறுக்கேறி நூலாகும். அது தெரியாவிட்டால் விரலில் குத்துவது ஏதோ மந்திரமாகவே நின்றுவிடும்.

முத்தத்துக்கு வருவோம். ஆறு வயதுக்குப் பெரோவின் விழிப்பை எடுத்து, கிரிம்மின் அரண்மனையில் வையுங்கள். கிரிம் அரண்மனையில் எல்லோரும் சேர்ந்து தூங்குகிறார்கள். சுவரில் ஈ, அடுப்பில் நெருப்பு, எடுபிடிப் பையனின் முடியைப் பிடிக்கப்போன சமையல்காரர் என அப்படியப்படியே உறைந்துவிட, நூறு ஆண்டு கழித்து எழுந்தவுடன் பையனுக்குக் கன்னத்தில் ஓர் அறை விழுகிறது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும் இடம் அது, விட்டுவிடாதீர்கள். இளவரசன் மாடி ஏறி வரட்டும், கட்டிலருகே மண்டியிடட்டும், நூறாவது ஆண்டின் கடைசி மணி அடிக்கட்டும், அவள் கண் திறந்து ‘நீங்க யாரு?’ என்று கேட்கட்டும். பிறகு இருவரும் நான்கு மணி நேரம் பேசட்டும். சொல்லி முடிக்கப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும்.

இப்படிச் சொல்லும்போது தவறிப்போகும் இடங்கள் சில உண்டு. மாற்றியதை மறைக்காதீர்கள். உங்கள் மகள் ஒருவாரமாகப் புத்தகத்து முத்தத்தைப் பார்த்திருக்கிறாள், ஏமாற்றுகிறீர்கள் என்று உடனே கண்டுபிடிப்பாள். “இந்தப் புத்தகத்துல இப்படி. இன்னொருத்தர் எழுதினதுல அவளே முழிச்சுக்கிறா. அதைச் சொல்லட்டுமா?” என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். தேர்ந்தெடுத்த வடிவத்தைத் தினமும் மாற்றவும் வேண்டாம், இந்த வயதுக்கு அதே வரி அதே இடத்தில் வருவதுதான் நிம்மதி. முத்தப் பக்கம் வரும்போது வாசிப்பை நிறுத்தி ‘இது சரியா, தப்பா?’ என்று கேட்காதீர்கள். பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்து நீங்கள் எதிர்பார்க்கும் பதிலைச் சொல்லிவிடும், அதோடு கதையும் செத்துவிடும். சம்மதம் பற்றிய பேச்சைப் பகலில், கதைக்கு வெளியே, குளிப்பாட்டும்போதோ தலை பின்னும்போதோ, அவளுடைய உடம்பைப் பற்றிய பேச்சாகவே பேசுங்கள். அவளாகவே ‘ஏன் கேட்கல?’ என்றால் மட்டும், “ஆமா, கேட்டிருக்கணும். தூங்குறவங்களால பதில் சொல்ல முடியாதே” என்று சொல்லிவிட்டு மேலே வாசியுங்கள். இளவரசனைக் கெட்டவனாக்கித் திட்டவும் வேண்டாம். அவனை ரசித்த பிள்ளைக்கு, ரசித்ததே தப்போ என்ற கூச்சம் வந்துவிடும்.

எட்டு, ஒன்பது வயதில் இரண்டு முடிவுகளையும் அடுத்தடுத்து வாசித்து எது பிடித்தது, ஏன் என்று கேட்கலாம். பத்து வயதுக்கு மேல் பெரோவின் பின்பாதியைக் கொடுங்கள். அதில் மணமாகிப் பிள்ளைகள் பெற்ற இளவரசியின் மாமியார் மனிதரைத் தின்னும் அரக்கி. பேத்தியை வெங்காயமும் கடுகும் சேர்த்த குழம்போடு சமைக்கச் சொல்கிறாள், சமையல் பொறுப்பாளர் ஆட்டுக்குட்டியைச் சமைத்து ஏமாற்றுகிறார். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு இந்தப் பயங்கரம் பிடிக்கும்.

படங்கள் விஷயத்தில் அவசரம் வேண்டாம். 1959 படம் 75 நிமிடம். அதில் இளவரசனும் இளவரசியும் காட்டில் முன்பே சந்தித்துப் பழகியவர்கள் என்பதால் ‘யாரோ ஒருவன்’ என்ற குறை அங்கே இல்லை. தூங்குகிறாள் என்ற குறை அப்படியே இருக்கிறது. நாயகி திரையில் வரும் நேரம் மிகக் குறைவு, படத்தைச் சுமப்பவர்கள் மூன்று தேவதைகளும் சூனியக்காரியும். கடைசியில் வரும் கறுப்பு டிராகனுக்குச் சின்னப் பிள்ளைகள் பயப்படலாம், பக்கத்தில் இருங்கள்.

உங்கள் மகள் கேட்பது 2014இல் வந்த மெலிஃபிசன்ட். அதில் இளவரசனின் முத்தம் பலிக்காது. சாபமிட்டவளே வருந்தி நெற்றியில் தரும் முத்தம்தான் எழுப்புகிறது. அழகான மாற்றம் அது. கெட்டவளுக்குக் காரணம் கற்பித்ததால் அவளுடைய மிடுக்கு போய்விட்டது என்று வருந்துபவர்களும் உண்டு, அதையும் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் தொடக்கத்தில், நம்பியவனே அவளுக்கு மயக்கமருந்து கொடுத்துச் சிறகுகளை வெட்டி எடுத்துப்போகிறான். அவள் விழித்து அலறும் காட்சி பெரியவர்களையே உலுக்குவது. முத்தத்துக்குப் பயந்து பழைய கதையை மூடிவிட்டு, ‘புதுமையானது’ என்று இதை ஆறு வயதுப் பிள்ளையிடம் கொடுத்தால், தவிர்க்க நினைத்ததைவிடக் கடுமையான ஒன்றைக் காட்டியதாகிவிடும். ஒன்பது, பத்து வயதுவரை பொறுங்கள். அதற்கு முன் நீங்கள் ஒருமுறை தனியாகப் பார்த்துவிடுங்கள். “அது கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு, உனக்குப் பத்து வயசானதும் சேர்ந்து பார்ப்போம்” என்று காரணத்தோடு சொல்லுங்கள். அப்படி ஒரு படமே இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்து வேறு பதிப்பு வாங்குவதாக இருந்தால், அட்டையைப் பார்க்காமல் கடைசி நான்கு பக்கங்களைப் புரட்டுங்கள். அவள் எப்படி விழிக்கிறாள், விழித்த பிறகு அவளுக்குப் பேச ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். பெரோவைத் தழுவியதா, கிரிம்மைத் தழுவியதா என்று உள்பக்கத்தில் போட்டிருக்கும் பதிப்பு கிடைத்தால் அதையே வாங்குங்கள்.