19 நாளில் நின்றுபோன நடை

கேள்வி: எனக்கு வயது 43. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். எடை 86 கிலோ, உயரம் 168 செ.மீ. மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.1. எல்லைக்கோட்டில் நிற்பதாக டாக்டர் சொன்னார். என் அப்பாவுக்குச் சர்க்கரையால் கால் விரலை எடுத்தார்கள். அந்தப் பயம் எனக்கு உண்டு. ஒவ்வொரு ஜனவரியிலும் '20 கிலோ குறைப்பேன், வாழ்க்கையை மாற்றிக்காட்டுவேன்' என்று டைரியில் எழுதுகிறேன். இந்த முறை ஜிம்முக்கு ஒரு வருடப் பணத்தையும் கட்டிவிட்டு 19 நாள் போனேன். ஷிப்மெண்ட் வேலையில் நான்கு நாள் விட்டுப்போனது, அத்தோடு சரி. மனஉறுதி இல்லாதவனுக்கு மருத்துவத்தில் ஏதாவது வழி உண்டா, டாக்டர்?

பதில்: ஷிப்மெண்ட் நெருக்கடியில் ராத்திரி உட்கார்ந்து கணக்கை முடித்துக் கொடுக்கிறவருக்கு மனஉறுதி இல்லை என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கோளாறு உங்களிடம் இல்லை, நீங்கள் வைத்த இலக்கில் இருக்கிறது.

20 கிலோ குறைவது உங்கள் கையில் இல்லை. நாளைக் காலை ஆறு மணிக்கு ஷூவை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டுவது உங்கள் கையில் இருக்கிறது. எடை, உடம்பில் நீர் ஏறி இறங்குவதிலேயே ஒரு கிலோ முன்னே பின்னே காட்டும். ஒழுங்காக நடந்துகொண்டிருந்தவர்கள் அந்த எண்ணைப் பார்த்து மனம் விட்டுப்போனதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்களைப் போல எல்லைக்கோட்டில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2002-ல் வெளியானது. அவர்களுக்குக் கொடுத்த இலக்கு, எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரம் 150 நிமிடம் நடப்பதும்தான். சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. உங்கள் 86 கிலோவுக்கு 7 சதவீதம் என்றால் 6 கிலோ, இருபது இல்லை. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களுக்குச் சராசரியாக எடை இறங்கவே இல்லை. ஆனாலும் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அதனால் தராசைக் கொஞ்ச நாள் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். வாரம் ஒரு முறை பார்த்தால் போதும்.

அடுத்து அந்த 19 நாள். ஒரு பழக்கம் தானாக நடக்க எத்தனை நாள் பிடிக்கும் என்று லண்டனில் ஆராய்ந்தார்கள். சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை என்று கணக்கு வந்தது. நடுவில் நின்ற எண் 66. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் குலையவில்லை என்பதையும் பார்த்தார்கள். நீங்களோ பாதி வழிகூடத் தாண்டாமல் உங்கள் மீதே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்.

'தினமும் நடப்பேன்' என்று டைரியில் எழுதாதீர்கள். 'பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்ததும் ஷூ மாட்டுவேன், தெருமுனைக் கோயில் வரை போய்த் திரும்புவேன்' என்று எழுதுங்கள். ஏற்கெனவே தவறாமல் நடக்கிற ஒரு காரியத்தோடு புதிய காரியத்தை முடிச்சுப் போட வேண்டும். முதல் இரண்டு வாரம் பத்து நிமிடம் போதும். கூடுதலாக நடக்க ஆசை வந்தாலும் அடக்கிக்கொள்ளுங்கள். பிறகு வாரம் ஐந்து நிமிடமாகக் கூட்டி அரை மணிக்குக் கொண்டுவரலாம்.

என்னிடம் வரும் தையல்காரர் ஒருவர், வீட்டில் பால் கணக்குக் குறிக்கும் மாதக் காலண்டரிலேயே நடந்த நாளுக்கு ஒரு டிக் போடுவார். ஒரு மாதம் அதைக் கழற்றி எடுத்து வந்து மேஜையில் விரித்துக் காட்டினார். மழை பெய்த வாரத்தில் மூன்று கட்டம் காலி. நான்காவதில் மறுபடி டிக். எனக்கு அந்த நான்காவது டிக்தான் பிடித்தது. அவரிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்: ஒரு நாள் விடலாம், இரண்டாவது நாளை விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷிப்மெண்ட் நாட்கள் திரும்ப வரும். அதற்கான ஏற்பாட்டை இன்றைக்கே செய்துவிடுங்கள். அந்த நாட்களில் ராத்திரி சாப்பிட்டதும் மொட்டை மாடியில் பத்து நிமிடம் நடந்தால் அன்றைய டிக் உங்களுக்கு உண்டு. சாப்பிட்டபின் நடக்கும்போது கால் தசைகள் ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. அதனால் இதை ஒப்புக்குச் செய்யும் வேலை என்று நினைக்க வேண்டாம்.

உணவில் ஒன்றை மட்டும் தொடுங்கள். கம்பெனி டீ எத்தனை என்று நீங்கள் எழுதவில்லை. நாளுக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் எட்டு ஸ்பூன் சர்க்கரை. இந்த மாதம் பாதியாக்குங்கள், அடுத்த மாதம் நிறுத்துங்கள். பரோட்டாவைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கம் கெட்டு, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறதா? அப்படியானால் அது மனச்சோர்வாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். உடம்பு எப்போதும் அசதியாக இருந்தால் தைராய்டையும் பார்த்துவிடுங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே நின்றுவிடுங்கள், இதயப் பரிசோதனை முடிந்தபின் தொடரலாம்.

சராசரி சர்க்கரை என்பது ரத்தச் சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சர்க்கரையின் அளவு. அந்தச் சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அதனால் சராசரி சர்க்கரையை மூன்று மாதம் கழித்துப் பாருங்கள், அதற்கு முன் வேண்டாம். அந்த முடிவை எனக்கு எழுதும்போது மூன்று மாதக் காலண்டர் தாளையும் படமெடுத்து அனுப்புங்கள். காலிக் கட்டங்கள் இருந்தாலும் அப்படியே அனுப்புங்கள்.