சேற்றுப் பாதைக்கு எந்த பிரேக்?

கேள்வி: மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் 7 கிலோமீட்டர் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். அதில் 2 கிலோமீட்டர் வாய்க்கால் கரை மண்பாதை. ஐப்பசி, கார்த்திகையில் பிரேக் பிடிப்பதே இல்லை. பழைய வண்டி; ஒயர் பிரேக், இரும்பு ரிம். புதுசு வாங்கப் போனால் கடைக்காரர் டிஸ்க் பிரேக் எடுங்கள் என்கிறார். எங்கள் ஊர் மெக்கானிக், ரிம்மை ரப்பர் கட்டையால் கவ்வும் பவர் பிரேக்கே போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: உங்கள் பாதைக்கு டிஸ்க்தான் சரி; அது ரிம்மை விட்டுவிட்டு, சக்கரத்தின் அச்சை ஒட்டிய தகட்டைப் பிடிக்கும். ஆனால் ஒயரில் இழுக்கும் டிஸ்க்காகப் பார்த்து வாங்குங்கள். ஒயருக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஆயில் டிஸ்க் வேண்டாம்.

இப்போது பிரேக் பிடிக்காததற்கு முதல் காரணம் அந்த இரும்பு ரிம். முலாம் பூசிய வழவழப்பான இரும்பு நனைந்தால் ரப்பர் கட்டை வழுக்கிக்கொண்டே போகும். அலுமினிய ரிம்மில், முதல் ஓரிரண்டு சுற்றில் தண்ணீரை வழித்துவிட்டுக் கட்டை பிடித்துக்கொள்ளும். பவர் பிரேக் வண்டிகள் பெரும்பாலும் அலுமினிய ரிம்மோடு வருவதால் மெக்கானிக் சொல்வதிலும் நியாயம் உண்டு. முழுக்கத் தார்ச்சாலை என்றால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

சிக்கல் வாய்க்கால் கரையில்தான். ரிம் சேற்றை ஒட்டியே உருளும் பாகம். களிமண்ணில் ஒரு நடை போய்வந்து கட்டையைக் கழற்றிப் பாருங்கள். ரப்பருக்குள் மணலும் அலுமினியத் துணுக்கும் புதைந்து மினுமினுக்கும். அடுத்த முறை பிரேக் போடும்போது அது அரம்போல ரிம்மை ராவும். கரகர என்று கேட்பது அந்தச் சத்தம்தான். ரிம்மின் பக்கவாட்டில் விரலை ஓட்டிப் பார்த்து, குழிந்திருந்தால் உடனே மாற்றுங்கள். தேய்ந்த ரிம் டயரின் காற்றழுத்தத்திலேயே பிளந்துவிடும். டிஸ்க் தகடு அச்சை ஒட்டி மேலே இருப்பதால் அவ்வளவு சேறு எட்டாது. சக்கரம் கொஞ்சம் கோட்டம் ஆனாலும் உரசாது.

பிடிப்பில் ஆயில் டிஸ்க்தான் உசத்தி. ஆனால் உள்ளே காற்று புகுந்தால் லீவர் பஞ்சுபோல அமுங்கும். அதை எடுக்கக் கருவியும் அந்த பிரேக்குக்கே உரிய ஆயிலும் வேண்டும். மினரல் ஆயில் கேட்கும் பிரேக்கில், கார், பைக் பிரேக்குக்கு ஊற்றும் டாட் (DOT) ஆயிலை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். ஒயரை உங்கள் ஊர்க் கடையிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

வாங்கும்போது லீவரை முழு பலத்தோடு அழுத்துங்கள். ஹேண்டில்பாரைத் தொட்டால் அந்த வண்டி வேண்டாம். மட்டமான டிஸ்க்கைவிட நல்ல பவர் பிரேக் எவ்வளவோ மேல். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், இல்லாவிட்டால் களிமண் அடைத்துச் சக்கரமே சுற்றாது. தகட்டைக் கவ்விப் பிடிக்கும் வில்லைதான் பேட். சேற்றில் ரெசின் பேட் சீக்கிரம் தேயும், மெட்டல் பேட் நின்று உழைக்கும். தகட்டில் 'ரெசின் மட்டும்' என்று பொறித்திருந்தால் மட்டும் மெட்டல் போடாதீர்கள்.

ஒன்றை மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். செயினுக்கு எண்ணெய் விடும்போது தகட்டில் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. பேட் எண்ணெயைக் குடித்துவிட்டால் பிறகு எவ்வளவு துடைத்தாலும் சரியாகப் பிடிக்காது, புதுசுதான் போட வேண்டும்.

இந்த மழைக்குப் பழைய வண்டிதான் என்றால், முன் சக்கரத்துக்காவது அலுமினிய ரிம் கோத்துக்கொள்ளுங்கள். வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே லீவரை லேசாகத் தொட்டு ஈரத்தை வழித்துவிட்டு, பிறகு அழுத்துங்கள்.