‘ஏழு நாளில் டொமைனைக் கொடு’ என்று நோட்டீஸ் வந்தால்

கேள்வி: களியக்காவிளை பக்கம் தேனீப் பெட்டி வைத்திருக்கிறோம். ‘மலைத்தேன்’ என்ற சொல்லோடு டாட் இன் இணைய முகவரி (டொமைன்) ஒன்றை 2017-ல் வாங்கி, அதில்தான் தேன் விற்கிறோம். ‘மலைத்தேன்’ தன்னுடைய பதிவுபெற்ற டிரேட்மார்க் என்று திருவனந்தபுரம் வியாபாரி ஒருவர் மெயில் அனுப்பியிருக்கிறார். ஏழு நாளில் டொமைனின் டிரான்ஸ்ஃபர் கோடை (டொமைனை இடம் மாற்ற உதவும் ரகசியக் குறியீடு) தர வேண்டுமாம், இல்லையென்றால் 3 லட்சம் நஷ்டஈடாம். கொடுத்துத் தொலைப்போம் என்கிறான் மகன்.

பதில்: கோடு மட்டும் கையை விட்டுப் போகக் கூடாது. அது கிடைத்துவிட்டால் கோர்ட் படி ஏறாமலே அவர் காரியம் முடிந்துவிடும்.

அவர் மெயிலில் போட்டிருந்த எண்ணை டிரேட்மார்க் பதிவகத்தின் இணையத் தேடலில் தட்டிப் பார்த்தேன். இலவசம், நீங்களும் பார்க்கலாம். விண்ணப்பம் இருப்பது உண்மை, ஆனால் நிலை ‘அப்ஜெக்டட்’, அதாவது பதிவகம் ஆட்சேபம் சொல்லியிருக்கிறது. எப்போதிலிருந்து பயன்படுத்துகிறார் என்ற இடத்தில் ‘ப்ரபோஸ்டு டு பி யூஸ்டு’ என்றிருக்கிறது. அதாவது இனிமேல்தான் தொடங்கப் போகிறார்! மலையில் எடுக்கும் தேனுக்கு மலைத்தேன் என்று பெயர் கேட்டால் பதிவகம் தடை சொல்லாமல் என்ன செய்யும்? பொருளை வெறுமனே வர்ணிக்கும் சொல்லுக்கு 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 9-ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது.

பதிவாகாத பெயரை வைத்து மீறல் வழக்குப் போட முடியாது, அது 27-ஆவது பிரிவு. பதிவாகாததைப் பதிவானது என்று சொல்லிக்கொள்வதும் 107-ஆவது பிரிவின்படி அபராதத்துக்குரிய தவறு. நாளைக்கே பதிவு கிடைத்தாலும், அவருக்கு முன்பிருந்தே தொடர்ந்து பயன்படுத்தும் உங்களுக்கு 34-ஆவது பிரிவு துணை.

இந்த வித்தை புதிதல்ல. 2001-ல் டாட் இன்ஃபோ முகவரிகள் வந்தபோது டிரேட்மார்க் வைத்திருப்பவர்களுக்கு முன்னுரிமை தந்தார்கள். வாயில் வந்த எண்ணைப் பதிவு எண் என்று எழுதிக்கொடுத்துப் பலர் நல்ல பெயர்களை அள்ளிப் போனார்கள், அப்புறம்தான் புகார் விசாரணையெல்லாம்.

சாதாரண மெயிலைப் பார்த்து ரெஜிஸ்ட்ரார் (டொமைனை உங்களுக்கு விற்ற நிறுவனம்) டொமைனை மாற்றிக் கொடுப்பதில்லை. டாட் இன் முகவரி என்றால் அவற்றை நிர்வகிக்கும் நிக்ஸி அமைப்பின் ஐஎன்டிஆர்பி என்ற டொமைன் தகராறு விதிப்படி புகார் கொடுத்து, நடுவர் முன்னால் மூன்றை நிரூபிக்க வேண்டும்: பெயர் குழப்புகிறது, உங்களுக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணம் இருக்கிறது. ஏழு வருஷத்துக்கு மேல் தேன் விற்ற பில் உங்களிடம் இருக்கும்போது இரண்டாவதிலேயே அவர் சறுக்குவார். பழைய பில், கூரியர் ரசீது, பாட்டில் லேபிள், டொமைன் வாங்கிய ரசீது எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போடுங்கள்.

மீறல் வழக்கு முடியாவிட்டாலும், உங்கள் தேன் கேரளத்துக்கும் போவதால் திருவனந்தபுரத்தில் வேறு வகை வழக்கே வராது என்று நான் சொல்ல மாட்டேன். உங்களைக் கேட்காமல் தடையுத்தரவு வாங்கிவிடக் கூடாது, அதற்காக அங்கேயும் நாகர்கோவிலிலும் கேவியட் போட்டு வையுங்கள். 90 நாள் செல்லும். வீண் மிரட்டலுக்கு எதிராக நீங்களே வழக்குப் போட 142-ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் இப்போதைக்கு வேண்டாம், தேன் விற்ற காசெல்லாம் வக்கீலுக்கே போகும் (வக்கீலான நானே சொல்கிறேன்). வழக்குக்குப் பதில் நான்கு வரி பதிவுத் தபாலில் போதும்: “உங்கள் விண்ணப்பம் ஆட்சேபத்தில் இருக்கிறது. நாங்கள் 2017 முதல் இந்தப் பெயரில் விற்கிறோம். பதிவுச் சான்றிதழ் இருந்தால் நகல் அனுப்பவும். டொமைனை மாற்றித் தர இயலாது.”

எனக்குக் கவலை வேறொன்றில். தளம் செய்துகொடுத்த பையன் தன் பெயரிலும் தன் மெயிலிலும் டொமைனை வாங்கியிருப்பானோ? என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் பலருக்கு அப்படித்தான் இருந்தது. அந்த வியாபாரி அவனைப் பிடித்தால் உங்களுக்குத் தெரியாமலே கோடு போய்விடும். மகனை உட்கார வைத்து ரெஜிஸ்ட்ரார் கணக்கைத் திறந்து பாருங்கள்: உரிமையாளர் பெயர், மெயில், காலாவதித் தேதி, டொமைனை யாரும் மாற்றிவிடாதபடி லாக் போட்டிருக்கிறதா. உங்கள் பெயரில் இல்லையென்றால், பதில் தபால் போடுமுன் அதை மாற்றுங்கள்.