க்ளூட்டன் இல்லாம கிறிஸ்துமஸ் மசாலா குக்கீஸ் வீட்டுலயே செய்ய முடியுமா?

கேள்வி கேட்டவங்க ஜெர்மனியில இருக்காங்க, பொண்ணுக்கு சீலியாக்னு, அதாவது கோதுமை மாதிரி தானியத்துல இருக்கற க்ளூட்டன்ங்கற புரதம் சேராத நோய்னு உறுதியாகியிருக்கு, டிசம்பர் வந்தா ஸ்கூல்ல எல்லா பிள்ளைங்களும் டப்பா டப்பாவா குக்கீஸ் கொண்டு வராங்க, இவங்க க்ளூட்டன் இல்லாத மாவு பாக்கெட் வாங்கி லேப்கூஹன்ங்கற ஜெர்மன் கிறிஸ்துமஸ் மசாலா குக்கீ ரெசிபில மைதாவுக்குப் பதிலா அதே அளவு போட்டிருக்காங்க, வெளிய எடுத்தா மண்ணு மாதிரி உதிருதாம். வேற என்ன மாவு போடலாம்னு கேக்குறாங்க.

நான் நியூரம்பெர்க்ல இருக்கேன், எங்க வீட்டுக்காரருக்கு சீலியாக், அதனால இந்த விஷயம் எனக்கு வருஷா வருஷம் நவம்பர் கடைசியில ஆரம்பிச்சுடும். என் பதில் என்னன்னா, மாவையே தேடாதீங்க. இந்த நாட்டு கிறிஸ்துமஸ் பலகாரத்துலயே மாவு தேவைப்படாத ரெண்டு அயிட்டம் இருக்கு, பாட்டி காலத்துலேர்ந்து அப்படித்தான் பண்றாங்க. ஒண்ணு ஸிம்ட்ஷ்டெர்னெ, அதாவது பட்டை போட்ட நட்சத்திரம். இன்னொண்ணு எலிசன்லேப்கூஹன். ரெண்டுலயும் பாதாமும் ஹேசல்நட்டும்தான் மாவு, முட்டைதான் பசை. "இது க்ளூட்டன் இல்லாததாமே"ன்னு யாரும் பாவமா பாக்க மாட்டாங்க, ஏன்னா பக்கத்து வீட்டு ஜெர்மன் பாட்டி செய்யறதும் இதேதான்.

மாவு ஏன் உதிருதுன்னு கேட்டா, கோதுமையில தண்ணி பட்டதும் க்ளூட்டன் ஒரு வலை மாதிரி பின்னிக்கும், அதுதான் எல்லாத்தையும் இழுத்துப் புடிக்குது. அரிசி மாவு, சோள ஸ்டார்ச், உருளைக்கிழங்கு ஸ்டார்ச் இதுல எல்லாம் அந்த வலை கிடையாது. அதுவும் போக அரிசி மாவு தண்ணியை மெதுவா தான் குடிக்கும், கலந்த உடனே ஓவன்ல வச்சா உள்ள மாவு வறண்டே இருக்கும், நாக்குல நறநறன்னு தட்டும். அதிரச மாவை ஒரு ராத்திரி வச்சிருந்து தானே சுடுறோம், அதே கணக்குதான் இங்கயும், க்ளூட்டன் இல்லாத எந்த மாவா இருந்தாலும் பிசைஞ்சு ஃப்ரிட்ஜ்ல சில மணி நேரமாவது வைங்க. உங்க பாக்கெட் மாவு மிச்சம் இருந்தா தூக்கிப் போட வேண்டாம், கீழ அதுக்கும் ஒரு வழி சொல்றேன்.

முதல்ல நட்சத்திரம். நடுத்தர சைஸ் முட்டை மூணோட வெள்ளைக்கரு, ஐசிங் சுகர் 250 கிராம், தோலோட அரைச்ச பாதாம் 350 கிராம், பட்டைத்தூள் ரெண்டு டீஸ்பூன், எலுமிச்சை சாறு சில சொட்டு, உப்பு ஒரு சிட்டிகை. வெள்ளைக்கருவை எலுமிச்சை சாறும் உப்பும் போட்டு அடிங்க, கொஞ்சம் கொஞ்சமா சர்க்கரை சேர்த்துட்டே வாங்க, பீட்டரைத் தூக்கினா முனை மடங்காம நிக்கணும், அந்த அளவுக்கு. இப்ப இதுலேர்ந்து நாலஞ்சு டேபிள்ஸ்பூன் தனியா எடுத்து மூடி ஃப்ரிட்ஜ்ல வச்சுடுங்க, மேல பூசற வெள்ளைப் பூச்சு அதுதான், இதை மறந்துட்டு எல்லாத்தையும் பாதாம்ல கொட்டிட்டா திரும்ப ஒரு முட்டை உடைக்கணும். மீதியில பாதாமும் பட்டையும் சேர்த்துக் கிளறி ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வைங்க.

இந்த மாவு கையில ஒட்டும், பயங்கரமா ஒட்டும், ஒட்டலைன்னா தான் தப்பு. ஒட்டுதேன்னு பாதாம் தூளை மேல மேல போட்டா குக்கீ காய்ஞ்சு கட்டையாயிடும். ரெண்டு பேக்கிங் பேப்பருக்கு நடுவுல வச்சு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மியா உருட்டுங்க, மேல் பேப்பரை உரிச்சுட்டு நட்சத்திர அச்சை ஒவ்வொரு தடவையும் தண்ணியில முக்கி அழுத்துங்க, அச்சோட மூலையில சிக்கினதை டூத்பிக்கால தள்ளினா முழுசா வந்துடும். எடுத்து வச்ச பூச்சை சின்ன கத்தி முனையாலயோ பிரஷ்ஷாலயோ அஞ்சு முனை வரைக்கும் இழுத்துத் தடவுங்க, பூச்சு கெட்டியா இருந்தா ரெண்டு சொட்டு தண்ணி விட்டுக்கலாம். ஓவன் 150 டிகிரி, கீழ் தட்டுல வைங்க, பத்துலேர்ந்து பதினஞ்சு நிமிஷம். இது வேகறதை விட காயுதுன்னு சொல்லலாம், மேல இருக்கற வெள்ளை பழுப்பாக ஆரம்பிச்சா நேரம் தாண்டிடுச்சுன்னு அர்த்தம். எடுக்கும்போது தொட்டா மெத்துனு இருக்கும், வேகலையோன்னு திரும்ப உள்ள வைக்காதீங்க, ஆறினா சரியாயிடும்.

பட்டை பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும், சின்ன பொண்ணுன்னு சொன்னதால. இங்க சூப்பர்மார்க்கெட்ல சும்மா பட்டைத்தூள்னு விக்கறது பெரும்பாலும் கசியா, நம்ம ஊர்ல பிரியாணிக்குப் போடற தடிப் பட்டையும் அந்த வகைதான். அதுல கூமரின்னு ஒரு பொருள் அதிகம், அளவு மீறினா சிலருக்கு ஈரலைப் பாதிக்கும். 2006-ல ஜெர்மனியோட ரிஸ்க் மதிப்பீட்டு நிறுவனம் இதே பட்டை நட்சத்திரங்களைப் பத்தித்தான் எச்சரிக்கை குடுத்துச்சு, கிறிஸ்துமஸ் சீசன்ல பெரிய பேச்சாச்சு. தினமும் உள்ள போகலாம்னு சொல்ற அளவு உடம்பு எடை ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், 15 கிலோ குழந்தைன்னா 1.5 மில்லிகிராம். பட்டை போட்டதுன்னு லேபிள்ல சொல்லி விக்கற பண்டிகை பேக்கரி அயிட்டங்களுக்கு ஐரோப்பாவுல உச்சவரம்பு கிலோவுக்கு 50 மில்லிகிராம், கணக்கு போட்டுப் பாருங்க, அந்த வரம்புல இருக்கற குக்கீ 30 கிராம் சாப்பிட்டாலே அந்தக் குழந்தையோட அளவு முடிஞ்சுது. சீசன்ல ஒண்ணு ரெண்டு நாள் கூடப் போனா ஒண்ணும் ஆகாது, ஆனா வீட்டுல மாசம் பூரா டப்பா திறந்தே இருக்கும்ல, அதனால சிலோன் பட்டைன்னு எழுதினதைப் பாத்து வாங்குங்க, கூமரின் ரொம்ப ரொம்ப கம்மி. இலங்கைத் தமிழர் கடை பக்கத்துல இருந்தா கறுவான்னு கேளுங்க, மெல்லிசா பல அடுக்கா சுருட்டின குச்சியா குடுப்பாங்க, கையாலயே நொறுக்கலாம். மணமும் மெல்லிசா இனிப்பா இருக்கும், பண்டத்துக்கு எனக்கு இதுதான் புடிக்கும், கசியா கொஞ்சம் காட்டம்.

அடுத்தது எலிசன். இது எங்க ஊர் சமாச்சாரம், கொஞ்சம் பெருமையடிச்சுக்கறேன். நியூரம்பெர்க் மசாலா வியாபாரப் பாதையில இருந்த ஊர், சுத்தி காடு, காட்டுல தேன், அதனால லேப்கூஹன் இங்க செழிச்சுது, 1643-லயே லேப்கூஹன் பண்றவங்களுக்குன்னு தனி சங்கம் இருந்துச்சு. நியூரம்பெர்க் லேப்கூஹன்ங்கற பேருக்கு 1996-லேர்ந்து ஐரோப்பிய புவிசார் பாதுகாப்பு இருக்கு. அதுல உசத்தி ரகம்தான் எலிசன், பாதாம் ஹேசல்நட் வால்நட் மாதிரி கொட்டை குறைஞ்சது 25 சதவீதம் இருக்கணும், மாவு 10 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது. கவனிங்க, பத்து சதவீதம் வரைக்கும் மாவு போடலாம். அதனால கடையில எலிசன்னு எழுதியிருக்குன்னு நம்பி வாங்கி பொண்ணுக்குக் குடுத்துடாதீங்க, க்ளூட்டன் இல்லைன்னு தனியா எழுதியிருக்கணும். கிறிஸ்துமஸ் சந்தையில ஸ்டால்காரங்க "இதுல மாவே இல்லை"ன்னு சொல்லுவாங்க, அவங்க சொல்றது உண்மையாவே இருக்கலாம், ஆனா அடியில ஒட்டியிருக்கற வெள்ளை வட்டம் இருக்கே, ஓப்லாட்டன், அப்பளம் மாதிரி மெல்லிசா, அது சாதாரணமா கோதுமை மாவுல பண்றது. நிறைய பேர் மாட்டறது இங்கதான். ஸ்டார்ச்லயே பண்ணின க்ளூட்டன் இல்லாத ஓப்லாட்டன் ஆன்லைன்லயும் ஆர்கானிக் கடைலயும் கிடைக்குது, 70 மில்லிமீட்டர் சைஸ் வாங்குங்க. கிடைக்கலைன்னா பேக்கிங் பேப்பர் மேலயே வைக்கலாம், ருசி மாறாது, அடி மட்டும் கொஞ்சம் ஒட்டும்.

அளவு: முட்டை நாலு, பிரவுன் சுகர் 200 கிராம், அரைச்ச ஹேசல்நட் 200, அரைச்ச பாதாம் 200, பாகுல ஊறின ஆரஞ்சுத் தோலும் எலுமிச்சைத் தோலும் 100 கிராம் 100 கிராம், மசாலா ஒரு டேபிள்ஸ்பூன் தாராளமா, உப்பு. மசாலாவை வீட்டுலயே பண்ணுங்க, பாக்கெட்ல பட்டை மட்டும் தான் தெரியும். சிலோன் பட்டை அஞ்சு டீஸ்பூன், கிராம்புத்தூள் ஒரு டீஸ்பூன், ஏலக்காய், தனியா, சுக்கு, அன்னாசிப்பூ, ஜாதிபத்திரி, ஆல்ஸ்பைஸ் எல்லாம் பொடியா அரை அரை டீஸ்பூன், ஜாதிக்காய் கால். எல்லாம் நம்ம அஞ்சறைப்பெட்டி சாமான் தான், ஆல்ஸ்பைஸ் ஒண்ணுதான் புதுசு. தனியாவை வறுக்காதீங்க, வறுத்தா சாம்பார் வாசம் வந்துடும்.

முட்டையும் சர்க்கரையும் நுரைச்சு வெளுக்கற வரைக்கும் அடிச்சு, தோல்களைப் பொடிப்பொடியா நறுக்கிப் போட்டு (இந்தத் தோல் புடிக்காத பிள்ளைங்க நிறைய, அப்படின்னா மிக்ஸியில கொட்டையோட சேர்த்து ஓட்டிடுங்க, கண்ணுக்கே தெரியாது), மீதியெல்லாம் கலந்து மூடி ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வைங்க. மறுநாள் பாத்தா கெட்டியாகியிருக்கும், இன்னும் தளதளன்னு வழிஞ்சா கொஞ்சம் பாதாம் சேருங்க. ஒரு ஸ்பூன் எடுத்து ஓப்லாட்டன் நடுவுல வச்சு, கத்தியைத் தண்ணியில நனைச்சு, வட்டத்தைச் சுத்திக்கிட்டே ஓரத்தை நோக்கி வழிச்சு விடுங்க, நடு கொஞ்சம் மேடா, ஓரம் சரிவா, விளிம்புல ஒரு நூல் அளவு ஓப்லாட்டன் வெள்ளையா தெரியட்டும், வெந்ததும் அது வரைக்கும் பரவும். 160 டிகிரில இருபது நிமிஷம், இருபத்தஞ்சுக்கு மேல வேண்டாம், உள்ள ஈரமா இருக்கறதுதான் இதுக்கு அழகு. வெதுவெதுப்பா இருக்கும்போதே பாதிக்கு டார்க் சாக்லேட், பாதிக்கு ஐசிங் சுகர் பூச்சு. சுட்ட அன்னைக்கு சாப்பிடாதீங்க, மசாலா தனித்தனியா கத்தும், மூணு நாள் டப்பாவுல கிடந்தா தான் ஒண்ணா சேரும். டப்பாவுல ஒரு ஆப்பிள் துண்டு போட்டு வைங்க, மெத்துனு இருக்கும், ரெண்டு நாளைக்கு ஒரு தடவை துண்டை மாத்தணும், இல்லைன்னா பூஞ்சை புடிக்கும்.

ரெசிபியை விட எனக்குக் கவலை உங்க கிச்சன் தான். நம்ம வீட்டுல சப்பாத்தி போடுவோம். சப்பாத்திக் கட்டை மரம், அந்த இடுக்குல போன கோதுமை மாவு எவ்வளவு தேய்ச்சாலும் போகாது, குக்கீக்கு அதைத் தொடவே தொடாதீங்க, அதுக்குப் பதிலா ஒரு நல்ல கண்ணாடி பாட்டிலாலயே உருட்டுங்க. மைதா சலிக்கற சல்லடையும் அப்படித்தான். குக்கீ பண்ற நாள்ல கோதுமை மாவு பாக்கெட்டையே திறக்காதீங்க, மாவு காத்துல பறக்கும், ரொம்ப நேரம் மேடையில படியும். ஐரோப்பாவுல க்ளூட்டன் இல்லைன்னு போட வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம், இந்தியாவுலயும் அதேதான், அவ்வளவு துளியூண்டு விஷயம் இது. பேக்கிங் பவுடர்லயும் சில பிராண்டுல கோதுமை ஸ்டார்ச் கலந்திருக்கும், லேபிள்ல கோதுமைன்னு தடித்த எழுத்துல இருக்கான்னு பாருங்க. மேல சொன்ன ரெண்டுலயும் பேக்கிங் பவுடரே கிடையாது, அந்தத் தலைவலி இல்லை. இங்க டிங்கல்னு ஒரு மாவு விப்பாங்க, "இது கோதுமை இல்லை, உடம்புக்கு நல்லது"ன்னு தெரிஞ்சவங்க யாராவது சொல்லுவாங்க, அது கோதுமையோட அண்ணன் தம்பி, க்ளூட்டன் நிறையவே இருக்கு. பக்வீட் பேருல தான் கோதுமை, அதுல க்ளூட்டன் கிடையாது, ஆனா அரைக்கற இடத்துல கலந்திருக்கலாம், அதனால க்ளூட்டன் இல்லைங்கற முத்திரை பாத்து வாங்குங்க. ஓட்ஸும் தனியா முத்திரை போட்டது தான். குக்கீக்கு சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்றேன், நம்ம டப்பா பெருங்காயத்துலயும் கோதுமை மாவு கலக்கறாங்க, வீட்டு ரசம் சாப்பிட்டு ஏன் வயிறு படுத்துதுன்னு சில பேர் குழம்பிக்கிட்டு இருப்பாங்க.

இதைப் படிக்கற வேற யாருக்காவது சீலியாக் இருக்குமோன்னு சந்தேகம் மட்டும் இருந்தா, ரத்தப் பரிசோதனை முடியறதுக்கு முன்னாடி கோதுமையை நிறுத்தாதீங்க, நிறுத்திட்டுப் பரிசோதனை பண்ணினா ஒண்ணும் இல்லைன்னு தப்பா வரலாம்.

அந்த பாக்கெட் மாவுக்கு வழி சொல்றேன்னேன்ல. மெத்துனு இருக்க வேண்டிய குக்கீக்கு அது லாயக்கில்லை, மொறுமொறுன்னு இருக்கறதுக்கு தாராளமா போடலாம், ஏன்னா மொறுமொறு குக்கீல க்ளூட்டனை யாரும் தேடறதில்லை, வெண்ணெயும் சர்க்கரையுமே புடிச்சுக்கும். ஸ்பெகுலாட்சியுஸ்னு மெல்லிசான மசாலா பிஸ்கட் இங்க எல்லாக் கடையிலயும் பாத்திருப்பீங்க. அதுக்கு பாக்கெட் மாவு 200 கிராம், அரைச்ச பாதாம் 75, வெண்ணெய் 100, பிரவுன் சுகர் 100, முட்டை ஒண்ணு, அதே மசாலா ரெண்டு டீஸ்பூன், இசப்கோல் தூள் அரை டீஸ்பூன். பிசைஞ்சு ராத்திரி வச்சு, பேப்பர் மேலயே மெல்லிசா உருட்டி, பேப்பர் மேலயே வெட்டி, நடுவுல இருக்கற மிச்ச மாவை மட்டும் எடுத்துட்டு அப்படியே ட்ரேக்கு நகர்த்துங்க, வெட்டினதைக் கையால தூக்கினா கண்டிப்பா உடையும். 175 டிகிரில ஓரம் சிவக்கற வரைக்கும், பத்து நிமிஷம் போல.

ஸ்கூலுக்குக் குடுத்து விடறதுக்கு முன்னாடி டீச்சர் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க, க்ளாஸ்ல வேற பிள்ளைக்கு நட்ஸ் அலர்ஜி இருந்தா நட்சத்திரமும் எலிசனும் போகக் கூடாது. ஸ்பெகுலாட்சியுஸ் போகலாம், பாதாமுக்குப் பதிலா சூரியகாந்தி விதையை அரைச்சுப் போட்டுக்கங்க. ஆனா வேற ரெசிபில விதையோட சமையல் சோடா சேர்த்தா ஆறினதும் உள்ள பச்சையாத் தெரியும், பயப்படாதீங்க, கெட்டுப் போகலை, விதையில இருக்கற ஒரு பொருளும் சோடாவும் சேர்ந்தா அந்தக் கலர் வரும். நட்சத்திரத்துக்கு உடைச்ச முட்டையில மஞ்சள்கரு மூணு மிஞ்சும், அதை ராத்திரி முட்டைப் பொடிமாஸ்ல போட்டுடுங்க.